ஒரே 4060, இரண்டு லாப்டாப்: லீஜனா, லாக்கா?



இந்த வார எபிசோடில் கேமிங் லாப்டாப் பற்றி அவசரமாக ஐந்து நிமிஷம் கதைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். ஐந்து நிமிஷம் அதற்குக் காணாது. அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். ஒரு சின்னப் பாடம் மாதிரி வாசியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் இருக்கு.

கதை 2024 ஆகஸ்டில் தொடங்குது. ஸ்காபரோவில் இருக்கிற சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: "தம்பிக்கு ஒரு லாப்டாப் பார்த்துச் சொல்லு ராசா. விளையாட இல்ல, படிக்க." இரண்டு நிமிஷம் கழித்துத் தம்பியிடமிருந்து இன்னொன்று: "அண்ணா, 4060 கட்டாயம் இருக்கோணும். அம்மாட்ட சொல்லாதேங்கோ."

தம்பிக்கு அப்போது 18 வயது. செப்டெம்பரில் யூனிவர்சிட்டி, கம்ப்யூட்டர் சயன்ஸ். பட்ஜெட் வரியோடு சேர்த்து 1800 டொலர். அதில் பாதி கோடை முழுக்க அவன் ஒரு பலசரக்குக் கடையில் பெட்டி தூக்கிச் சேர்த்த காசு. மற்றப் பாதி சித்தியின் காசு. சித்தி ஒரு முதியோர் இல்லத்தில் நைட் ஷிஃப்ட் வேலை செய்பவர்.

தேடித் தேடி நாங்கள் வந்து நின்றது இரண்டு லாப்டாப்பில். இரண்டும் லெனோவோ. ஒன்று லீஜன் ஸ்லிம் 5, மற்றது லாக் 15. (எல்-ஓ-க்யூ என்று எழுதி ‘லாக்’ என்று சொல்வார்கள்.) இரண்டிலும் அதே ரைசன் 7 8845எச்எஸ் சிப், அதே ஆர்டிஎக்ஸ் 4060. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த விலை லாக் 1299, லீஜன் 1699. ஒன்ராறியோவின் 13 சதவீத வரியைப் போட்டால் 1468, 1920. வித்தியாசம் 452 டொலர்.

சித்தி ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். "அவனுக்கு நல்லதை எடு ராசா. காசு குறைஞ்சா நான் இன்னும் மூண்டு நைட் கூடச் செய்யிறன்."

அந்த மூன்று இரவுக்கு லீஜன் பெறுமதியா? இதுதான் எனக்கு முன்னால் இருந்த கேள்வி.

முதலில், நான் செய்த பிழை

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு சீரியஸாக எடுத்ததற்குக் காரணம் இருக்கு. யூனிவர்சிட்டி இரண்டாம் வருஷத்தில் நானும் ஒரு கேமிங் லாப்டாப் வாங்கினேன். பெட்டியில் ‘ஆர்டிஎக்ஸ் 3060’ என்று இருந்தது. அதைத் தவிர வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

வாங்கிய கிழமையே ஒரு கூட்டாளியின் 3060 லாப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரே கேமை ஓடவிட்டோம். அவனுடையது தண்ணி மாதிரி ஓடியது. என்னுடையது மூச்சு வாங்கியது. திரையில் நிறமெல்லாம் கழுவின மாதிரி வெளிறிக் கிடந்தது. லெக்சர் ஹோலில் கதவுப் பக்கம் போய் உட்காருவேன், ஏனென்றால் பிளக் அங்கேதான் இருக்கும். லைப்ரரியில் ஃபான் சத்தம் கேட்டு முன்னால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்றரை வருஷத்தில் பாதி விலைக்கு விற்றேன்.

அந்த லாப்டாப் உடைந்ததும் இல்லை, பழுதானதும் இல்லை. பெட்டியில் எழுதியிருந்தது எல்லாம் உண்மைதான். நான் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாடம் 1: பெயர் ஒன்று, வாட் வேறு

லீஜன் 2017இல் வந்த குடும்பம். லாக் 2023இல் வந்தது, முதல் முறையாக கேமிங் லாப்டாப் வாங்குபவர்களுக்கென்று விலையைக் குறைத்துச் செய்தது. பெரிய அண்ணன், சின்னத் தம்பி மாதிரி. இதே மாதிரி ஏசூஸுக்கு ஆர்ஓஜியும் டஃப்பும், ஏசருக்கு பிரிடேட்டரும் நைட்ரோவும் இருக்கு. கீழே சொல்வதை அந்தச் சோடிகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

லாப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060இல் 3072 கோர், 8 ஜிபி வீடியோ மெமரி. எந்தக் கம்பெனி லாப்டாப்பில் போட்டாலும் இது மாறாது. ஆனால் அந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்பதற்கு என்விடியா ஒரு பெரிய வீச்சு கொடுத்திருக்கு: 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. எவ்வளவு என்று முடிவெடுப்பது லாப்டாப் செய்கிற கம்பெனி. மெல்லிய பெட்டியில் வெப்பத்தை வெளியே தள்ள இடமில்லை, அதனால் வாட்டைக் குறைப்பார்கள்.

கொத்து ரொட்டிக் கடையை நினைத்துப் பாருங்கள். அதே தட்டு, அதே ரொட்டி, அதே கை. ஆனால் அடுப்பைச் சிம்மில் வைத்தால்? ஒரு பிளேட் கொத்துக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்! என்னுடைய பழைய 3060க்கு நடந்தது அதுதான். அந்தச் சிப்புக்கும் வீச்சு 60 முதல் 115 வாட் வரை. என்னுடையது கீழ்ப்படியில் இருந்தது, கூட்டாளியுடையது மேல்படியில்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 4060 சிப்புக்கு ஏறக்குறைய 100 வாட் கிடைத்துவிட்டால், அதற்கு மேலே கொடுக்கிற ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கிற வேகம் மிகக் குறைவு. நாங்கள் பார்த்த லாக், லீஜன் இரண்டிலுமே 100க்கு மேலேதான் இருந்தது. ஆகவே ‘லீஜன் என்றால் கேம் வேகமாக ஓடும்’ என்று தம்பி நினைத்திருந்தது இந்த இரண்டுக்கும் பொருந்தவில்லை. ஒரே சிப், கிட்டத்தட்ட ஒரே வேகம்.

அப்போ அந்த 452 டொலர் எங்கே போகுது?

பாடம் 2: திரை

ஒரு பகுதி திரைக்குப் போகுது. லாக்கில் 15.6 அங்குலம், 1920க்கு 1080. லீஜன் ஸ்லிம் 5இல் 16 அங்குலம், 2560க்கு 1600. பெருக்கிப் பாருங்கள்: முதலாவதில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளி, இரண்டாவதில் ஏறக்குறைய 41 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

படிக்கிறவருக்கு இது நல்லது. எழுத்து கூர்மையாக இருக்கும். 16:10 திரை கொஞ்சம் உயரம் கூட, அதனால் கோட் எழுதும்போது கூடுதலாகச் சில வரி தெரியும்.

ஆனால் கேமுக்கு? ஒவ்வொரு படத்திலும் அதே 4060 இரண்டு மடங்கு புள்ளியை வரைய வேண்டும். விலை கூடின லாப்டாப்பை அதன் முழு ரெசலூஷனில் ஓடவிட்டால், விலை குறைந்ததை விட ஃபிரேம் குறையும்! டிஎல்எஸ்எஸ் மாதிரி வசதியைப் போட்டோ, ரெசலூஷனைக் குறைத்தோ சமாளிக்கலாம். ஆனாலும் இதைத் தெரியாமல் வாங்கினால், "இவ்வளவு காசு கொடுத்தும் ஏன் இப்படி?" என்று தலையைச் சொறிய வேண்டி வரும்.

ரெசலூஷனை விட முக்கியமான ஒன்று நிறம். லாக் வாங்கும்போது இதை விடவே கூடாது. ஒரே பெயரில் இரண்டு வகைத் திரையோடு லாக் விற்கிறார்கள். ஒன்றில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று இருக்கும், மற்றதில் ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று இருக்கும். முதலாவது, எஸ்ஆர்ஜிபி அளவில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். என் பழைய லாப்டாப்பில் இருந்தது இந்த 45தான். உங்கள் ஃபோன் திரைக்குப் பக்கத்தில் வைத்தால் உடனே விளங்கும்.

பாடம் 3: பேட்டரி

லாக்கில் 60 வாட்-மணி. லீஜன் ஸ்லிம் 5இல் 80. இதை மணித்தியாலமாக மாற்றுவது லேசு. உதாரணத்துக்கு, நோட்ஸ் எழுதி, வெப் பார்க்கிறபோது லாப்டாப் 12 வாட் எடுக்குது என்று வைப்போம். 60ஐ 12ஆல் வகுத்தால் 5 மணித்தியாலம். 80ஐ வகுத்தால் 6 மணி 40 நிமிஷம்.

இப்போ பெரிய கிராபிக்ஸ் சிப்பும் பின்னால் விழித்துக்கொண்டு 25 வாட் எடுத்தால்? 60 வாட்-மணி இரண்டரை மணித்தியாலம்கூடத் தாங்காது. அதனால்தான் நல்ல கேமிங் லாப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும்: சிபியுவுக்கு உள்ளேயே ஒரு சின்னது, தனியாக ஒரு பெரியது. கேம் இல்லாத நேரம் பெரியது தூங்கும், சின்னது வேலை பார்க்கும். சின்னது இல்லாவிட்டால் பெரியது தூங்கவே முடியாது.

எந்த லாப்டாப்பில் கேம் விளையாடினாலும் சார்ஜர் கட்டாயம். பேட்டரியில் ஓடும்போது சிப்புக்கு முழு வாட் கிடைக்காது. 80 வாட்-மணி இருக்கே என்று பஸ்ஸில் விளையாடலாம் என்று கனவு காண வேண்டாம்.

பாடம் 4: ஒரே ஒரு எழுத்து

இந்தப் பாடத்தைத் தம்பிதான் எனக்குச் சொல்லித் தந்தான்.

லெனோவோ லாப்டாப்புக்கு ஒரு மாடல் கோட் இருக்கும். நாங்கள் பார்த்த லாக்: 15-ஏ-எச்-பி-9. 15 என்றால் திரை அளவு. ‘ஏ’ என்றால் ஏஎம்டி சிப், இன்டெல் என்றால் அந்த இடத்தில் ‘ஐ’ இருக்கும். ‘எச்பி’ என்பது ஹாக் பாயின்ட் என்ற சிப் குடும்பத்தின் சுருக்கம். 9 என்றால் ஒன்பதாவது தலைமுறை. இவ்வளவையும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவனுக்கு விளங்கப்படுத்தினேன்.

அடுத்த நாள் ஒரு கடையில் லாக் 15, ஆர்டிஎக்ஸ் 4060, 1149 டொலர் என்று சேல் வந்தது. எனக்குக் கை பரபரத்தது. "டேய், உடனே எடு, 150 டொலர் மிச்சம்!" என்று மெசேஜ் போட்டேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. பிறகு அவன் எழுதினான்: "அண்ணா, இது 15-ஏ-ஆர்-பி-9. எச் இல்ல, ஆர். சிப் 7435எச்எஸ். அதுக்குள்ள கிராபிக்ஸே இல்ல."

பார்த்தால் உண்மைதான். ரைசன் 7 7435எச்எஸ் சிப்பில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அதாவது பெரிய சிப் எப்போதும் விழித்திருக்கும், நோட்ஸ் எழுதும்போதும். வீட்டு மேசையிலேயே வைத்து, சார்ஜரைக் கழற்றாமல் விளையாடுகிற ஒருவருக்கு அது நல்ல விலையில் நல்ல லாப்டாப். பஸ் பிடித்து யூனிவர்சிட்டிக்குக் கொண்டு போகிற தம்பிக்கு அது சரிவராது.

பெட்டியின் பெயர் ஒன்று, கிராபிக்ஸ் ஒன்று, கோடில் ஒரே ஒரு எழுத்து வேறு. இதைச் சரிபார்க்க லெனோவோவே ஒரு பக்கம் வைத்திருக்கு, பிஎஸ்ஆர்இஎஃப் என்று தேடுங்கள். கோடைப் போட்டால் அந்த மாடலில் என்னென்ன வகை இருக்கு என்று முழு விவரமும் வரும். கடையின் விளம்பரத்தை நம்புவதை விட இது மேல்.

கணக்கு: உங்கள் கிழமை எப்படி இருக்கு?

சரி, முடிவுக்கு வருவோம். தம்பியை ஒரு கிழமைக்கு நேரத்தை எழுதச் சொன்னேன், யூனிவர்சிட்டி டைம்டேபிளை வைத்து. வந்த கணக்கு இது: கேம் 10 மணித்தியாலம். எல்லாம் இரவு, எல்லாம் வீட்டு மேசையில், அக்கா விட்டுவிட்டுப் போன பழைய மானிட்டரில். படிப்பு, கோட், யூடியூப் எல்லாம் சேர்த்து 35 மணித்தியாலம். அதில் வீட்டுக்கு வெளியே 18. அந்த 18இல் பிளக் கிடைக்காத இடத்தில் ஒரே மூச்சில் இருப்பது அதிகமாக 4 அல்லது 5 மணித்தியாலம்.

எழுதி முடித்ததும் அவனே பார்த்துச் சொன்னான்: "லீஜன்ட நல்ல திரையை நான் வீட்டில பார்க்கவே மாட்டன், என்ன?" ஓம். வீட்டில் மானிட்டரைத்தான் பார்ப்பான்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. "452 டொலர் எண்டா அம்மாவுக்கு மூண்டு நைட், என்ன அண்ணா?" என்று கேட்டான். அம்மா சொன்னதை அவன் கேட்டிருக்கிறான்.

நான் அவனுக்காக முடிவெடுக்கவில்லை. "லீஜன் மோசம் எண்டு சொல்லாத. அது நல்லது. அந்த நல்லது உனக்குத் தேவையா எண்டதுதான் கேள்வி" என்று மட்டும் சொன்னேன். அவன் லாக்கை எடுத்தான், 15-ஏ-எச்-பி-9, 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரையோடு. அதில் ராம் 16 ஜிபி, ஒரே ஒரு குச்சியாக இருந்தது. இரண்டு ஸ்லாட் இருப்பதால் இன்னொரு 16 ஜிபி குச்சி வாங்கி நாங்களே போட்டோம். இரண்டு குச்சி இருந்தால் மெமரி இரண்டு பாதையில் ஓடும், கேமிலும் வித்தியாசம் தெரியும். பட்ஜெட்டுக்குள் எல்லாம் முடிந்தது.

ஒரு வருஷம் கழித்து

போன மாதம் சித்தி வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன், எப்படி இருக்கு என்று. கேம் எல்லாம் நன்றாக ஓடுது என்றான். லைப்ரரிக்குப் போனால் எஃப்என்-ஐயும் க்யூ-வையும் சேர்த்து அமத்திக் குவைட் மோடுக்கு மாற்றிவிடுவானாம், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் எப்போதும் சார்ஜரில் இருப்பதால் பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் கன்சர்வேஷன் மோட் போட்டு வைத்திருக்கிறான்.

விட்டுக்கொடுத்ததும் இருக்கு. இரண்டாம் வருஷ டைம்டேபிள் மாறி, கிழமையில் இரண்டு நாள் காலையிலிருந்து மாலை வரை கிளாஸ். அந்த இரண்டு நாளும் அந்தப் பெரிய சார்ஜரைச் சுமக்கிறான். 80 வாட்-மணி இருந்திருந்தால் ஒரு நாளாவது மிச்சம். தெரிந்துதான் எடுத்தோம், அதனால் அவனுக்குக் கோபம் இல்லை. முதுகு மட்டும் கொஞ்சம் நோகுது.

அதே கேள்வியோடு வேறொருவர் வந்தால் நான் லீஜனைச் சொல்லுவேன். கூட்டாளி ஒருவரின் தங்கைக்கு அப்படித்தான் சொன்னேன். அவள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள், ரெசிடென்ஸில் இருக்கிறாள், வேறு மானிட்டர் இல்லை. காலையிலிருந்து இரவு வரை பார்ப்பது அந்த ஒரு திரையைத்தான். அவளுக்கு அந்த 400 டொலர் ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

இப்போ 50 சீரிஸ் வந்துவிட்டது. 5060க்கும் லாப்டாப்பில் 8 ஜிபி வீடியோ மெமரிதான், அதற்கும் வாட் வீச்சு இருக்கு. இலக்கம் மாறியிருக்கு, கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

வீட்டுப்பாடம்

வாங்க முன் இந்த ஆறுக்கும் பதில் எழுதுங்கள். மனதில் இல்லை, பேப்பரில்.

1. ஒரு கிழமையில் கேம் எத்தனை மணித்தியாலம், மற்றது எத்தனை? கேம் எந்தத் திரையில்?
2. கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட்? கடையில் லாப்டாப் திறந்திருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பார்த்தால் தெரியும்.
3. திரை 45 சதவீத என்டிஎஸ்சியா, 100 சதவீத எஸ்ஆர்ஜிபியா?
4. பேட்டரி எத்தனை வாட்-மணி? சிபியுவுக்குள் கிராபிக்ஸ் இருக்கா? சின்ன யூஎஸ்பி-சி சார்ஜரிலும் சார்ஜ் ஆகுமா?
5. ராம் ஸ்லாட்டில் இருக்கா, போர்டில் ஒட்டியிருக்கா? லீஜன் ஸ்லிம் 5இலேயே 14 அங்குல மாடலில் ஒட்டியிருக்கும், பிறகு கூட்ட முடியாது.
6. வரியோடு விலை என்ன? திருப்பிக் கொடுக்க எத்தனை நாள்? அந்த நாளுக்குள் ஒரு கேமை அரை மணித்தியாலம் தொடர்ந்து ஓடவிட்டுச் சூடும் சத்தமும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு லாப்டாப்புக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை டொலரில் மட்டும் பார்க்காமல், அந்தக் காசை உழைக்கிறவரின் நேரத்தில் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். சில நேரம் அது கூடின விலைக்குப் பெறுமதி என்று வரும், சில நேரம் வராது. எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டு வாங்குவீர்கள்.

பதில்களை இந்த மெயிலுக்கே ரிப்ளையாக அனுப்புங்கள், தமிழிலோ தங்கிலீஷிலோ. எழுத்துப்பிழை பார்க்க மாட்டோம், மாடல் கோட் மட்டும் சரியாக இருக்கட்டும். அடுத்த எபிசோடில் சிலவற்றை எடுத்துக் கதைப்போம்.

மீண்டும் சந்திப்போம்!